டிரெய்லரைச் சமன் செய்வதில் நடக்கும் தவறுகள்

முகாமிடத்துக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும், பசி வேறு. அந்த அவசரத்தில் பலர் முதல் வேலையாக, படுக்கை, சமையலறையோடு இழுத்து வந்த டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றிவிடுகிறார்கள். பாதித் தொல்லை அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. இடம்-வலம் சாய்வைப் போக்க, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்ற வேண்டும். கழற்றிய பிறகு அதை யார் இழுத்து ஏற்றுவது? பக்கவாட்டுச் சமன் வண்டியோடு இணைந்திருக்கும்போதே முடிய வேண்டும். முன்-பின் சமனைப் பிறகு மூக்குப் பகுதியில், அதாவது வண்டியோடு இணையும் முன்முனையில் உள்ள ஜாக்கி பார்த்துக்கொள்ளும்.

ரசமட்டத்தைச் சமையல் மேடை மேல் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. மேடையே கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். டிரெய்லருக்குள் தரையில், சக்கரங்களுக்கு நேர் மேலே வைப்பது நல்லது. குமிழி மேடான பக்கம்தான் ஓடும். களைப்பில் அந்தப் பக்கத்தையே மேலும் உயர்த்திவிட்டு விழிப்பவர்களும் இருக்கிறார்கள்! எவ்வளவு உயர்த்துவது என்பதற்குக் கண்மதிப்பு வேண்டாம். 60 செ.மீ. நீள ரசமட்டத்தின் தாழ்ந்த முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். அடியில் 1 செ.மீ. இடைவெளி தெரிந்து, இரு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே 180 செ.மீ. தூரம் இருந்தால், 3 செ.மீ. கட்டை போதும்.

டயரின் அடிப்பாகம் முழுவதும் கட்டை மேல் அமர வேண்டும். விளிம்பு வெளியே தொங்கினால் டயரின் உட்புறம் சேதமாகும். இரட்டை அச்சு டிரெய்லரில் தாழ்ந்த பக்கத்தின் இரண்டு சக்கரங்களையும் உயர்த்துங்கள். ஒன்றை மட்டும் ஏற்றினால் சுமை அதன் தலையில் விழும்.

கழற்றுவதற்கு முன்பே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். தரை சமமாகத் தெரிகிறதே என்று இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உருள ஆரம்பித்த டிரெய்லரைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது.

நான் அதிகம் பார்க்கும் தவறு வேறு. நான்கு மூலைகளிலும் இருக்கும் ஸ்டெபிலைசர் ஜாக்கிகளைச் சுற்றிச் சுற்றி டிரெய்லரையே தூக்கப் பார்ப்பது. அவை உள்ளே நடக்கும்போது ஏற்படும் ஆட்டத்தை அடக்க வந்தவை, எடையைச் சுமக்க அல்ல. அவற்றால் தூக்கினால் டிரெய்லரின் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவு சிக்கும், ஜாக்கியே வளையவும் கூடும். சமன் முடிந்த பிறகு அவற்றை இறக்கி, தரையைத் தொட்டதும் சற்றே இறுக்கினால் போதும். மண் இளகலாக இருந்தால் அடியில் பலகை போடுங்கள். சுவர் வெளியே நகரும் அமைப்பு இருந்தால், அதைத் திறப்பதும் சமன் செய்த பிறகுதான்.

இவ்வளவு மெனக்கெடுவது கட்டிலில் உருளாமல் தூங்க மட்டுமல்ல. எரிவாயுவிலும் இயங்கும் உறிஞ்சல் வகை குளிர்பதனப் பெட்டிக்குள் அம்மோனியாக் கரைசல் பம்ப் இல்லாமல் புவியீர்ப்பால் வழிந்து திரும்புகிறது. சாய்வில் அது ஓரிடத்தில் தேங்கும். கொதிகுழாய் அளவுக்கு மீறிச் சூடாகி, படிவு அடைத்து, பெட்டி நிரந்தரமாகப் பழுதாகலாம். ஓட்டத்தின் குலுக்கலில் கரைசல் நகர்ந்துகொண்டே இருக்கும், டிரெய்லர் நிற்கும்போதுதான் ஆபத்து. கம்ப்ரசர் வகைப் பெட்டிக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

இன்னொன்று: இணைப்பு விடுபட்ட கணத்தில் முன் ஜாக்கி எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று ஜாக்கியிலேயே ஒரு கோடு போட்டு வையுங்கள். கிளம்பும் காலையில் வண்டியைப் பின்னால் கொண்டுவரும் முன் மூக்கை அந்தக் கோட்டுக்கு ஏற்றிவிடலாம்.