வார்டில் நீங்கள் ஒரே ஆள்: அந்த நைட் டியூட்டியை எப்படி ஓட்டுவது

இரவு ஏழு மணிக்கு வார்டுக்குள் நுழைகிறீர்கள். 36 படுக்கை, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களையும் சேர்த்தால் சென்சஸ், அதாவது நோயாளிகள் எண்ணிக்கை, 41, ரோஸ்டரில் இரண்டு நர்ஸ் பெயர், அதில் ஒருவரை ஐ.சி.யு.வுக்கு இழுத்துவிட்டார்கள். எப்போதோ ஒருநாள் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம், வாரத்தில் நாலு நாள் இதே கதை என்றால் என்ன செய்வது என்றுதான் எழுதுகிறேன். தியானம் பண்ணுங்கள், நிறைய தண்ணீர் குடியுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், அதுவரை ஸ்டேஷனில் யார் இருப்பது?

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் சொன்ன அளவு 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ். மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்துச் சொன்னது அது, ஒரு ஷிஃப்டுக்கு என்று பார்த்தால் 9 பேருக்கு ஒருவர். அதற்கு மேல் லீவ், பிரசவ விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல். ஆக 36 படுக்கைக்கு 12 பேர், கூடுதலையும் சேர்த்தால் 15, 16 பேர். உங்கள் ரோஸ்டரில் எத்தனை பெயர் என்று எண்ணிப் பாருங்கள். மீதி ஆட்களின் வேலையை நாம் ஓடி ஓடி முடித்துவிடுகிறோம், அதனாலேயே அந்தக் காலியிடம் யார் கண்ணிலும் படுவதில்லை.

முந்தைய ஷிஃப்டிடமிருந்து ஹேண்ட் ஓவரை மேஜையில் உட்கார்ந்து வாங்காதீர்கள், படுக்கை படுக்கையாக நடந்து வாங்குங்கள். ஆக்சிஜன், ரத்தம் ஏறுகிறவர், இன்று ஆபரேஷன் முடிந்தவர், ஊசி போட்ட கை வீங்கியிருப்பவர், இவர்களை மட்டும் துண்டுச் சீட்டில் குறித்து பாக்கெட்டில் வையுங்கள், முதல் சுற்று அவர்களுக்கு. அப்புறம் டியூட்டி டாக்டரைப் பிடித்து, "சார், இன்னைக்கு நான் ஒருத்திதான், ஸ்டேபிளா இருக்கற கேஸுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பி.பி. முடியாது, ஆறு மணி நேரம்னு மாத்தலாமா?" என்று கேளுங்கள். சரி என்றால் கேஸ் ஷீட்டில் அவர் கையாலேயே எழுத வேண்டும், வாய்வார்த்தை போதாது. நாமாக முடிவெடுத்துத் தள்ளிப்போட்டுவிட்டுப் பின்னால் மாட்டிக்கொள்வது நம் ஊரில் நிறைய நடக்கிறது. பார்க்காத பி.பி.யை 120/80 என்று நிரப்புவது அதைவிட மோசம். லினன் கணக்கு, டிஸ்சார்ஜ் ஃபைல், ரெஜிஸ்டருக்குக் கோடு போடுவது எல்லாம் காலை வரை காத்திருக்கும்.

தள்ளிப்போடவே கூடாதது பெயர் கேட்பது. ஒரு விடியற்காலை ஐந்து மணிக்கு இன்சுலினை எடுத்துக்கொண்டு போய் ஒரு அம்மாவின் கையைப் பிடித்துவிட்டேன். "எனக்கு சர்க்கரை இல்லியே கண்ணு" என்றார். அதே பெயரில் மூன்று படுக்கை தள்ளி இன்னொருவர். அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் கை சில்லிடுகிறது. அன்றிலிருந்து ஊசி போடும்முன் "உங்க பேரு சொல்லுங்க" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறேன், மயக்கத்தில் இருந்தால் கையில் கட்டியிருக்கும் பட்டையைக் கேஸ் ஷீட்டோடு வைத்துப் பார்க்கிறேன், எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி.

இனி ரிப்போர்ட் புக். பெரும்பாலானோர் இங்கேதான் கோட்டை விடுகிறோம். "மிகவும் சிரமமாக இருந்தது" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: "இரவு 7.20. சென்சஸ் 41, ஸ்டாஃப் 1. ஆக்சிஜனில் 4, இன்று ஆபரேஷன் முடிந்தவர்கள் 3. 7.30க்கு நைட் சூப்பர்வைசருக்குப் போனில் தெரிவிக்கப்பட்டது, அனுப்ப ஆள் இல்லை என்று பதில்." நேரமும் எண்ணும் போதும், கோபம் வேண்டாம். ஒவ்வொரு நைட்டும் எழுதுங்கள், நோயாளி பெயர் எதுவும் இல்லாமல் இதே எண்களை வீட்டில் ஒரு டைரியிலும் குறித்து வையுங்கள். மாதம் முடிந்ததும் இன்சார்ஜ் சிஸ்டர் வழியாக நர்சிங் சூப்பரிண்டென்டென்டுக்கு ஒரு பக்கக் கடிதம், கீழே முடிந்தவரை எல்லோருடைய கையெழுத்தும். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் அடுத்த ரோஸ்டரில் அவருக்குத்தான் தொடர்ந்து நைட் விழும், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குப் பயம் இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். 2015இல் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள் நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார வேண்டியிருந்தது. அதனால் கடிதத்தில் நிரந்தரப் பணியில் இருக்கும் அக்காக்கள் முதலில் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தவர்கள் இதைக்கூடச் செய்யவில்லை என்றால் சின்னப் பிள்ளைகள் வேலையை விட்டுப் போவதைப் பற்றிப் புலம்ப நமக்கு உரிமை இல்லை.

உடம்பு அலுப்பு வேறு, பர்ன் அவுட் என்கிற இந்த எரிந்துபோதல் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தால் வருவது என்றது. தீராத சோர்வு, வேலையின் மேல் வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற நினைப்பு, இந்த மூன்றும் அதன் அடையாளம். எனக்கு அது தெரிந்தது ஒரு பாட்டி "சிஸ்டர்" என்று கூப்பிட்டபோது. காதில் விழுந்தும் திரும்பாமல் டிராலியைத் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு நைட் ஆஃபில் தூங்கி எழுந்தும் அது மாறவில்லை என்றால் உங்கள் மருத்துவமனையின் மனநல ஓ.பி.க்கே போகலாம், தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக அந்த போன். நைட் முடித்து வந்து சாப்பிட்டுக் கண் அசரும்போது, "யாரும் வரல, டபுள் டியூட்டி பாத்துடும்மா" என்று வரும். காரணம் சொல்ல ஆரம்பித்தால் தோற்றீர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாமியார் இல்லையா என்பார்கள். "நைட் பாத்துட்டு வந்திருக்கேன் சிஸ்டர், இன்னும் தூங்கல, இந்த நிலைமையில ஊசி போட்டா தப்பாயிடும், வர முடியாது" என்று சொல்லிவிட்டு, அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிட்டு, போனை சைலண்டில் போட்டுத் தூங்குங்கள்.