சிறிய ஓட்டோகிளேவ்: அளவுத்திருத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையின் பல் சிகிச்சை நிலையங்களில் மேசைமேல் இருக்கும் ஓட்டோகிளேவுக்கு (கருவிகளைக் கொதிநீராவியால் கிருமிநீக்கும் இயந்திரம்), அமுக்கமானியைச் சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்டினால் அளவுத்திருத்தம், அதாவது அது காட்டும் அளவுகள் சரியா என்று பார்த்துத் திருத்துவது, முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. தவறுகளில் பெரியது இதுதான். நிரம்பிய கொதிநீராவி கருவிகளின் மேல் ஒடுங்கும்போது வெளிவிடும் வெப்பமே கிருமியைக் கொல்கிறது. உள்ளே காற்று தங்கியிருந்தாலும் அமுக்கமானியின் முள் ஏறத்தான் செய்யும்.

கடல்மட்டத்தில் 121 பாகை செல்சியஸுக்கு முள் ஏறத்தாழ 1.05 பாரில் நிற்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு காற்று கலந்திருந்தால், அதே 1.05 இல் உள்ளே 118 பாகைதான் இருக்கும். ஆகவே தனியான வெப்பவிணையை (வெப்பநிலை அளக்கும் கம்பி உணரி) உள்ளே வைத்து, வெப்பநிலையையும் அமுக்கத்தையும் நீராவி அட்டவணையோடு (எந்த அமுக்கத்தில் நீராவி எந்த வெப்பநிலையில் இருக்கும் என்று காட்டும் பட்டியல்) ஒப்பிடுங்கள். வெப்பவிணையை நடுத்தட்டில் மட்டும் வைத்து அழகான எண்ணைப் பெறுவதில் பயனில்லை. காற்று தேங்கும் வடிகால் வாயருகிலும் ஒன்று வேண்டும். சிறிய ஓட்டோகிளேவுகளுக்கான ஐரோப்பிய நியமம் ஈஎன் 13060, 134 பாகைச் சுற்றில் எல்லாப் புள்ளிகளும் 134க்கும் 138க்கும் இடையில் நிற்க வேண்டும் என்கிறது. (திருகோணமலை உவர்மலையில் சரியாக இருந்த இயந்திரத்தை உயரமான நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால், வளிமண்டல அமுக்கம் குறைவதால் 121 பாகைக்கு முள் 1.24 பாரளவில் நிற்க வேண்டும்.)

அடுத்தது தண்ணீர். உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோரக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றினால் போதும் என்பது தவறு. கொதிக்கவைத்தால் உப்பு போகாது, செறிவு கூடும். உப்பு நீர் நுரைத்து, துளிகளை நீராவியோடு இழுத்துச் செல்லும். கதவைத் திறந்ததும் கருவிப் பொதியின் காகிதம் ஈரமாக, ஓரத்தில் பழுப்பு வளையத்தோடு இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். காய்ச்சி வடித்த நீரே வேண்டும். கடத்துதிறன் சென்றிமீற்றருக்கு 15 மைக்ரோசீமன்ஸைத் தாண்டக்கூடாது. வெப்ப உணரியில் வெள்ளைப் படிவு ஏறியிருந்தால் அது தாமதமாகவே காட்டும். படிவை அகற்றாமல் இயந்திரத்தின் திருத்த எண்ணை (காட்டும் அளவோடு கூட்டிக் கழிக்கும் எண்) மட்டும் மாற்றுவது பழுதை மூடி மறைப்பதே.

வெற்று அறையில் மட்டும் சோதிப்பதும் போதாது. வழக்கமாக அடுக்கும் அளவுக்குப் பொதிகளை வைத்தும் ஒரு சுற்று ஓட்டுங்கள்.

கடைசியாக, திருத்துவதற்கு முன் காட்டிய அளவை எழுதாமல் விடாதீர்கள். இயந்திரம் 118 பாகையில் ஓடிக்கொண்டிருந்தது என்றால், இதுவரை வெளியே போன கருவிகளைப் பற்றி விசாரிக்க வேண்டியிருக்கும். அதற்கு அந்த எண் கையில் இருக்க வேண்டும்.