லினக்ஸில் டயல்-அப் நின்றுபோனால், எந்தப் படியில் என்று பாருங்கள்

டயல்-அப், அதாவது தொலைபேசி லைன் வழியாக எடுக்கும் இணைய இணைப்பு, வேலை செய்யவில்லை என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, “மொடெம் சத்தம் போட்டதா, அதன் பிறகு என்ன நடந்தது?” என்பதைத்தான். தொலைபேசி லைன், மொடெம், பிபிபி (லைன் வழியாக இணையத் தரவை அனுப்பும் நெறிமுறை), பெயர் தேடல் (தளத்தின் பெயருக்கு ஐபி எண்ணைக் கண்டுபிடிப்பது) என்று இந்த இணைப்பு படிப்படியாக ஏறுகிறது. எந்தப் படியில் நின்றது என்று தெரியாமல் கோப்புகளை மாற்றத் தொடங்கினால் நன்றாக இருந்ததும் கெட்டுவிடும்.

லைனிலிருந்து தொடங்குங்கள். மொடெமுக்குப் போகும் வயரைக் கழற்றிச் சாதாரண போனில் மாட்டிக் கேளுங்கள். டயல் டோனுக்குப் பின்னால் கரகரப்பு இருந்தால் லினக்ஸைத் தொடவே வேண்டாம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் வீடுகளில், உப்புக் காற்று பட்டுச் சுவர்ச் சொக்கெட்டின் செப்புக் கம்பியில் பச்சை படிந்துவிடும். அந்த நுனியை வெட்டி, புதிதாகச் சீவி இறுக்குங்கள். அதே லைனில் இருக்கும் மற்ற போன்களையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். கோல் வெயிட்டிங் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அதன் சின்ன ‘பீப்’ சத்தமே இணைப்பை அறுத்துவிடும்.

சரி, லைன் சுத்தம். இப்போது மொடெமோடு நேரடியாகப் பேச உதவும் மினிகாம் என்ற நிரலைத் திறந்து ‘ஏடி’ (AT) என்று தட்டுங்கள். ‘ஓகே’ வந்தால் மொடெம் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் போர்ட்டைப் பாருங்கள்: விண்டோஸில் காம்1 என்பது இங்கே டிடிஒய்எஸ்0 (ttyS0), காம்2 என்பது டிடிஒய்எஸ்1. ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால், டெபியனில் உங்கள் பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து மறுபடி லாகின் செய்யுங்கள். பெட்டிக்குள் செருகும் மலிவான பிசிஐ மொடெம் பெரும்பாலும் வின்மொடெமாக இருக்கும். மொடெமின் வேலையில் பாதியை விண்டோஸ் டிரைவரே செய்யும் என்று நம்பிச் செய்த பொருள் அது. அதோடு மல்லுக்கட்டாதீர்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கியாவது வெளியே வைக்கும் சீரியல் மொடெம் ஒன்றைத் தேடுங்கள்.

போனில் டோன் கேட்கிறது, மொடெம் மட்டும் ‘நோ டயல்டோன்’ என்கிறதா? டயல் செய்யுமுன் மொடெமுக்குப் போகும் தொடக்கக் கட்டளையில் ‘எக்ஸ்3’ (X3) சேருங்கள். டோனுக்குக் காத்திராமல் சுழற்றும். கோட்டையில் அலுவலக எக்ஸ்டென்ஷனிலிருந்து என்றால், வெளி லைனுக்கான 9, பிறகு ஒரு கமா, அப்புறம் எண். கமா வழக்கமாக 2 செக்கன் பொறுத்திருக்கும்.

மினிகாமை மூடுங்கள், இல்லாவிட்டால் போர்ட் பூட்டியே கிடக்கும். அடுத்தது பிபிபி. ஆட்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பிபிபியை நடத்தும் நிரலான பிபிபிடியின் (pppd) ஆப்ஷன்களில் ‘டீபக்’ (debug) சேர்த்து, இன்னொரு திரையில் கணினியின் பதிவேடான சிஸ்லாக்கை ஓடவிட்டுப் படியுங்கள். எல்சிபி (பிபிபி இணைப்பை முதலில் பேசி அமைக்கும் பகுதி) கோரிக்கைகள் போய்க்கொண்டே இருந்து எதிரிலிருந்து ஒன்றும் வராவிட்டால், அந்தப் பக்கம் பிபிபி இன்னும் தொடங்கவில்லை. மினிகாமிலேயே டயல் செய்து, லாகின் பெயர் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அதற்கான பதிலைச் சாட் ஸ்கிரிப்டில் (டயல் செய்யும்போது எதற்கு என்ன பதில் சொல்வது என்று எழுதிய கோப்பு) எழுத வேண்டும். ‘பாப்’ (PAP, பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் முறை) தோல்வி என்று வந்தால் பாப்-சீக்ரெட்ஸ் (pap-secrets) கோப்பில் பெயரும் கடவுச்சொல்லும் எழுத்துக்கு எழுத்து சரியா பாருங்கள்.

இன்னொரு கோளாறு நெட்வேர்க் கார்டு உள்ள கணினிகளில் வரும். கார்டுக்கு ஏற்கெனவே ஒரு கேட்வே (வெளியே போகும் வழி) கொடுத்திருந்தால் இரண்டு தொல்லைகள் சேர்ந்து வரும். ஒன்று, பிபிபிடி எதிர்ப்பக்கத்தையே ‘நீ யார், நிரூபி’ என்று கேட்கும்; இணையச் சேவை வழங்குபவர் அதற்குப் பதில் சொல்லாததால் இணைப்பு விழும். பிபிபிடியின் ஆப்ஷன்களில் ‘நோஆத்’ (noauth) சேர்த்தால் அது தீரும். இரண்டாவது, இணைப்பு விழாமல் நிலைத்தாலும் ஓர் இணையப் பக்கமும் திறக்காது, ஏனென்றால் ஏற்கெனவே இருக்கும் டிஃபால்ட் ரூட்டை (வெளியே போகும் வழக்கமான பாதையை) பிபிபிடி தானாக மாற்றாது. நிர்வாகிப் பயனரான ரூட்டாக (root) நுழைந்து ‘ரூட் டெல் டிஃபால்ட்’ (route del default) கொடுத்துவிட்டு, ‘டிஃபால்ட்ரூட்’ (defaultroute) ஆப்ஷனோடு மறுபடி டயல் செய்யுங்கள்.

இதற்கும் மேல் சிக்கல் என்றால், வெளியே உள்ள ஏதாவது ஓர் ஐபி எண்ணைப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் குறை டிஎன்எஸ்ஸில், அதாவது பெயர் தேடலில்தான். பிபிபிடி ஆப்ஷன்களில் ‘யூஸ்பியர்டிஎன்எஸ்’ (usepeerdns) சேருங்கள். அது எழுதும் ரிசால்வ்.கான்ஃப் (resolv.conf, டிஎன்எஸ் சர்வர்களின் எண்கள் இருக்கும் கோப்பு), இடிசியின் (/etc) கீழ் உள்ள பிபிபி கோப்புறைக்குள் இருக்கும். இடிசியில் உள்ள அசல் கோப்பு அதையே காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.