சின்னக் கோழியைப் பெரிய கோழிகள் கொத்தினால் என்ன செய்வது?

“கோழி மிதித்துக் குஞ்சு சாகாது” என்பார்கள். தாய்க்கோழிக்கு அது பொருந்தும். மற்றக் கோழிகளின் அலகுக்குப் பொருந்தாது. கொல்லையில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி வைத்திருக்கும் எவரும் ஒருநாள் இதைப் பார்த்தே தீருவார்கள். இரண்டு மாதம்வரை குஞ்சுகளைக் காத்து வளர்த்த தாய், மறுபடி முட்டைக்கு வரும் சமயத்தில் தானே அவற்றைக் கொத்திப் பிரித்துவிடும். அதுவரை தாய்க்குப் பயந்து கிட்டே வராத பெட்டைகள் அன்றிலிருந்து குஞ்சுகளைத் துரத்தத் தொடங்கும். சந்தையில் வாங்கிய விடைக்கோழிகளை, அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைகளை, பழைய கோழிகளோடு விட்டாலும் இதே கதைதான்.

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு சாம்பல் நிற விடைக்கோழி. விறகு அடுக்குக்கும் சுவருக்கும் இடையில் தலையை நுழைத்துக்கொண்டு நின்றது. வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மாலையில் தூக்கிப் பார்த்தால் வாலடியில் இறகே இல்லை. தோல் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. கழுத்தடியில் இரைப்பையைத் தடவினேன். ஒரு மணி தானியம்கூட இல்லாமல் தட்டையாகக் கிடந்தது. செவலைப் பெட்டை ஒன்று அதை அந்த மூலைக்குள் தள்ளி நாள் முழுக்கக் கொத்தியிருக்கிறது. உள்ளே போக வழியிருந்த அந்த இடத்துக்கு வெளியே வர வேறு வழியில்லை. அன்றிலிருந்து கோழிச்சண்டை என்றால் நான் முதலில் பார்ப்பது கோழியை அல்ல, இடத்தைத்தான்.

எது வழக்கம், எது வதை

கோழிகளுக்குள் வரிசை உண்டு. யார் முதலில் தின்பது, யார் மேல் கழியில் உறங்குவது என்பதெல்லாம் அந்த வரிசைப்படிதான். சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்த நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே, 1920-களின் தொடக்கத்தில் இந்தக் கொத்து வரிசையை விரிவாக எழுதினார். புதிய கோழி ஒன்று வந்தாலோ, இருந்த ஒன்று போனாலோ வரிசை கலைந்து மறுபடி உருவாகும். அதற்குச் சில நாள் சண்டை நடக்கத்தான் செய்யும்.

பெரியது ஒரு கொத்துக் கொத்துகிறது, சின்னது விலகிப் போகிறது, அத்தோடு முடிந்தது என்றால் தலையிடாதீர்கள். ஓடிய பின்னும் துரத்திப் போய்க் கொத்துவது, பல கோழிகள் சேர்ந்து ஒன்றை மடக்குவது, தீவனத்துக்கும் தண்ணீருக்கும் விடாமல் மறிப்பது, ரத்தம் வருவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே இறங்கிவிடுங்கள்.

படி 1: காயம்பட்டதை உடனே பிரியுங்கள்

சிவப்பைக் கண்டால் கோழி கொத்தும். ரத்தம் கசியும் கோழியை அரை மணி நேரம் கூட்டத்தில் விட்டால், அதுவரை சும்மா இருந்தவையும் வந்து கொத்தும். உப்புத் தண்ணீரில் காயத்தைக் கழுவி, மஞ்சள் தூளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். ஆகவே காலையும் மாலையும் இறகை விலக்கிப் பார்க்க வேண்டும். சதை தெரியும் அளவுக்குக் காயம் ஆழமாக இருந்தால் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போங்கள்.

தனியாக வைக்கும் கோழியைக் கண்காணாத அறையில் அடைக்காதீர்கள். பல நாள் கழித்துத் திரும்பினால் கூட்டம் அதைப் புதியதாகவே நடத்தும். மற்றவை பார்க்கும்படி ஒரு பஞ்சாரத்தை (கோழியை மூடிவைக்கும் இடைவெளி விட்டுப் பின்னிய கூடை) கவிழ்த்து அதற்குள் வையுங்கள்.

படி 2: இடத்தைத் திறந்துவிடுங்கள்

கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். துரத்தப்படும் கோழி எங்கெல்லாம் மாட்டிக்கொள்ளும் என்று அதன் கண்ணால் பாருங்கள். விறகு அடுக்கைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்கினால் இருபுறமும் வழி கிடைக்கும். சாய்த்து வைத்த பலகை, பழைய கூடை, காய்ந்த கிளைகள், தாழ்வான செடி எல்லாம் உதவும். ஓடும் கோழி ஒரு நொடி பார்வையிலிருந்து மறைந்தால் போதும், துரத்துவது நின்றுவிடும்.

அடைத்து வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு: இரவுக் கூட்டில் கோழி ஒன்றுக்கு 4 சதுர அடி, பகலில் உலவும் வேலிக்குள் 10 சதுர அடி, உறங்கும் கழியில் 8 முதல் 10 அங்குலம், முட்டையிட 4 கோழிக்கு ஒரு பெட்டி. இதைவிட நெருக்கடி என்றால் மற்ற எந்த வைத்தியமும் பலிக்காது.

குஞ்சுகளுக்கென்று ஒரு மூலையைப் படலால் அடைத்து, அவை மட்டும் நுழையும் அளவுக்குச் சந்து விடுங்கள். சந்தின் அகலத்தை உங்கள் கோழிகளை வைத்தே அளக்க வேண்டும். பெரியதின் நெஞ்சு தட்டி நிற்க வேண்டும். உள்ளே தீவனமும் தண்ணீரும் இருக்கட்டும்.

படி 3: தீவனத்தை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்

ஒரே தட்டு வைத்தால் அதற்கு ஒரு பெட்டை காவலாகிவிடும். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வைப்பதுதான் பயன் தரும். தண்ணீருக்கும் அப்படியே; கோடையில் இதை மறக்கவே கூடாது.

புரதம் குறைந்தாலும் கோழி இறகு பிடுங்கும். நொய்யும் தவிடும் மட்டுமே போடும் வீடுகளில் இதை அடிக்கடி காணலாம். சாணமும் ஈரச் சாக்கும் திணித்த பானையைக் கவிழ்த்து, ஒரே இரவில் கரையான் பிடித்துப் போடும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு பெரணியும் நல்லது.

கலந்து வளர்ப்பதில் பலரும் கவனிக்காத ஒன்று: முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 3.5 சதவீதம் இருக்கும். வளரும் கோழிக்கு 1 சதவீதமே போதும். கூடுதலாகத் தொடர்ந்து போனால் சிறுநீரகம் கெடும். எனவே எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனத்தைப் போட்டு, முட்டையிடுபவைக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே வந்து தின்னும்.

படி 4: வம்புக்காரியை மூன்று நான்கு நாள் வெளியே எடுங்கள்

பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் தொடங்கி வைக்கும். அதைக் கண்டுபிடிக்க, தீவனம் போட்டதும் பத்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். அந்தக் கோழியை மட்டும் பிடித்து மூன்று நான்கு நாள் வேறிடத்தில் வையுங்கள். திரும்பி வரும்போது பழைய இடம் அதற்குக் காத்திருக்காது. சூடு வைத்து அலகைத் தீய்ப்பதைச் சிலர் சொல்வார்கள். கொல்லைக் கோழிக்கு அது வேண்டவே வேண்டாம். வலியும் பெரிது, இரை பொறுக்கித் தின்னவும் திணறும்.

கடுகடுப்புக்குப் பேனும் செள்ளும்கூடக் காரணமாகும். இரவில் விளக்கோடு போய்க் கழியின் அடிப்பக்கத்தையும் பலகை இடுக்குகளையும் பாருங்கள். சாம்பல் கலந்த மண்குளியல் குழி ஒன்று அவசியம்.

படி 5: புதியவற்றைச் சேர்க்கும் முறை

வெளியிலிருந்து வந்தவற்றை முதலில் 3 முதல் 4 வாரம் முற்றிலும் தள்ளி வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் வந்தால் கூட்டமே போய்விடும். தடுப்பூசி போட்டதா என்று கேட்டு, இல்லையென்றால் போட்டுவிடுங்கள். பிறகு ஒன்றிரண்டு வாரம், கொல்லையின் நடுவில் பஞ்சாரத்துக்குள் அல்லது கம்பி வலைக்குப் பின்னால் பகல் முழுக்க வையுங்கள். வலையின் இருபுறமும் தானியம் தூவினால் பக்கத்தில் நின்றே பொறுக்கித் தின்னும். பழைய கோழிகள் வலையைக் கொத்துவதை விட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கத் தொடங்கியதும் திறக்கலாம். ஒற்றைக் கோழியைச் சேர்க்காதீர்கள். குறைந்தது இரண்டு மூன்றாக விட்டால் அடி பங்காகும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குஞ்சைத் தாயில்லாமல் பெரியவற்றோடு விடுவது எனக்குச் சம்மதமில்லை.

இருட்டிய பின் கழியில் ஏற்றிவிடும் பழைய வழக்கம் நல்லதுதான். ஆனால் விடியும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கூடு திறக்கத் தாமதமானால் அந்த அடைசலில்தான் முதல் கொத்து விழும்.

அடுத்த இரண்டு வாரம் இரவுதோறும் சின்னவற்றின் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். உருண்டு திரண்டிருந்தால் நன்றாகத் தின்றிருக்கிறது. தட்டையாக இருந்தால் தீவனத் தட்டு ஒன்றைக் கூட்டி, வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று தேடுங்கள். விடைக்கோழிக்குக் கொண்டை சிவந்து முட்டைக்கு வரும்போது வரிசைக்காக மறுபடி ஒரு சுற்றுச் சண்டை வரும். அதற்குள் அது ஓட மட்டுமன்றித் திருப்பிக் கொத்தவும் பழகியிருக்கும்.