பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போகிற தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறை கிடைத்தால் மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் பீடோங் தோட்டத்துச் சனம் பினாங்குக்குத்தான் கிளம்பும். பக்கத்திலேயே, ஜெராய் மலையடியில், பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில்களைக் காட்டும் மெர்போக் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய்வந்த ஜோடிகளில் பலர் சொல்வது, "வெறும் கல்லுதான் கெடக்கு."

கோபுரத்தைத் தேடிப் போனால் அப்படித்தான் தோன்றும். சண்டி எனப்படும் அந்தப் பழங்கோயில்களில் எஞ்சியது பெரும்பாலும் அடித்தளம். மேலிருந்த மரமும் கூரையும் மக்கிப்போயின. அதனால் தரையைப் பாருங்கள். புக்கிட் பத்து பஹாட் சண்டியில் சதுரமான விமானமும் முன்னால் மண்டபமும் தனித்தனியே தெரியும். மண்டபத் தரையில் தூண்கள் நின்ற கல் பீடங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்துக் கூரை எதுவரை போயிருக்கும் என்று இருவரும் கணக்குப் போட்டுப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது. சிதைந்து கிடந்த இந்தச் சண்டியை 1960 வாக்கில் அதே இடத்தில் மீண்டும் அடுக்கினார்கள். வளாகத்திலுள்ள பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் சண்டிகள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்து வந்தவை. ஒரே மேட்டில் இத்தனை கோயிலா என்று வியந்துவிடாதீர்கள்.

அடுத்த தவறு, எல்லாம் ராஜேந்திர சோழன் கட்டியது என்று மனைவியிடம் அளந்துவிடுவது. சோழர் படை கடாரத்துக்கு, அதாவது இந்தக் கெடாவுக்கு, வந்தது 1025 வாக்கில். இந்தக் கரையோரத்தில் கிடைத்த புத்தகுப்தன் என்ற மாலுமியின் கல்வெட்டோ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. படை வருவதற்கு வெகுகாலம் முன்பே வணிகரும் பௌத்தரும் வந்து போன துறைமுகம் இது. எனக்கு அதுதான் பெரிய செய்தியாகப் படுகிறது.

கல்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், சூடம் ஏற்றாதீர்கள். 2013இல் வீட்டுமனைத் திட்டத்துக்காக இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சண்டியையே இடித்துத் தள்ளினார்கள், மிஞ்சியதையாவது விட்டுவைப்போம்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி என்றால் தொழுகை நேரத்தில் திறந்திருக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சிலிப்பர் வேண்டாம்; ஓடையோரக் கல் வழுக்கும். கொசு மருந்து அவசியம். சுங்கை பத்துவில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய களத்தையும் பார்ப்பதானால் காலையில் அங்கே முடித்துவிட்டு மெர்போக்குக்கு வாருங்கள். மதிய வெயிலில் அந்தப் பொட்டல்வெளியில் நின்றால் சண்டைதான் வரும்.