ஆலிவர் கானை எந்த வரிசையில் பார்ப்பது?

என் தம்பி மகனுக்கு ஜெர்மனியின் முன்னாள் கோல்கீப்பர் கானைக் காட்டலாம் என்று முதலில் போட்டது, அவர் பாய்ந்து பாய்ந்து பந்தைத் தடுக்கும் தொகுப்பு வீடியோ. ஐந்தாவது நிமிடமே கொட்டாவி விட்டான். தப்பு என்னுடையதுதான். பாய்ந்து தடுப்பதை எந்த நல்ல கோல்கீப்பரிடமும் பார்க்கலாம். கானை அவர் தோற்ற ஆட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

2002 ஜூன் 30, யோகோஹாமா, உலகக் கோப்பை இறுதிப் போட்டி, ஜெர்மனியும் பிரேசிலும். 66-வது நிமிடத்திலிருந்து ஓட்டுங்கள். பிரேசிலின் ரிவால்டோ அடித்த பந்து நேராக கானிடம்தான் வருகிறது. தூக்கத்தில்கூடப் பிடித்துவிடுவார் என்று நினைக்கும்போதே கையிலிருந்து நழுவுகிறது. ரொனால்டோ வந்து தட்டிவிடுகிறார். அந்த ஆட்டத்தில் கானுக்கு வலது மோதிர விரலில் தசைநார் கிழிந்திருந்தது. அதைச் சாக்காக அவர் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கோல் கம்பத்தில் முதுகைச் சாய்த்துத் தனியாக உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்தபின் என் தம்பி மகன் கேட்ட கேள்வி: “இவர் அவ்வளவு பெரிய ஆளா?”

சரி, இப்போது பின்னால் போகலாம். அந்தத் தொடரில் இறுதிக்கு முன் ஆறு ஆட்டங்களில் கான் விட்டது ஒரே கோல், அதுவும் அயர்லாந்தின் ராபி கீன் கடைசி நேரத்தில் அடித்தது. காலிறுதியில் அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தை மட்டுமாவது முழுதாகப் பாருங்கள். ஜெர்மனி அன்று சுமாராகத்தான் ஆடியது. கரை சேர்த்தது கான். தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து அவருக்குப் போனது. இதுவரை வேறு எந்த கோல்கீப்பரும் அதை வாங்கியதில்லை.

அப்புறம் கானின் ஜெர்மன் கிளப், பயர்ன் மியூனிக். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில், 1999 இறுதியின் கடைசி மூன்று நிமிடங்களும், மிலானில் நடந்த 2001 இறுதியின் பெனால்டிகளும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டியவை. முதலாவதில் மான்செஸ்டர் யுனைடெட் 90 நிமிடம் முடிந்தபின் நடுவர் சேர்த்த சில நிமிடங்களில் இரண்டு கோல் போட்டுக் கோப்பையைப் பறித்தது. இரண்டாவதில் வலென்சியாவின் மூன்று பெனால்டிகளை கான் தடுத்தார். கார்போனி அடித்ததை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: உடம்பு ஒரு பக்கம் விழுந்துகொண்டிருக்கும்போதே ஒரு கையை மேலே விட்டுப் பந்தைக் குறுக்குக் கம்பத்துக்குத் தள்ளியிருப்பார். வென்றபின் அழுதுகொண்டிருந்த எதிரணி கோல்கீப்பர் கனிசாரெஸிடம் போய் ஆறுதல் சொன்னார்.

இதே மனிதர்மேல்தான் வெளியூர் மைதானங்களில் வாழைப்பழம் எறிந்தார்கள். 2000-இல் ஃபிரைபுர்கில் கோல்ஃப் பந்து பட்டுத் தலையில் ரத்தம் கொட்டியது. பயர்ன் ரசிகர்களைத் தாண்டியும் நாடு அவரை நேசிக்கத் தொடங்கியது, என் கணக்கில், அவர் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான். 2006 உலகக் கோப்பைக்கு ஜெர்மனி பயிற்சியாளர் கிளின்ஸ்மன் முதல் கோல்கீப்பராக லேமனைத் தேர்ந்தெடுத்தார். அர்ஜென்டினாவுடன் பெனால்டிகள் தொடங்குமுன் கான் எழுந்து லேமனிடம் போய்க் கைகொடுக்கிறார். சில நொடிக் காட்சிதான், கவனிக்காவிட்டால் ஓடிவிடும்.

2008 மே 27 கொல்கத்தா ஆட்டத்தையும் விடாதீர்கள். பயர்ன் சட்டையில் கொல்கத்தா கிளப்பான மோகன் பகானுக்கு எதிராக அவர் விடைபெற்றதைப் பார்க்க ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம்.

கடைசியாகச் சிரிப்பதற்கு ஒன்று. 2001 மார்ச், ரோஸ்டாக். பயர்ன் தோற்றுக்கொண்டிருக்கிறது; கார்னருக்கு கான் எதிரணி கோல் வரை ஓடிவந்து, தாவி, பந்தை இரண்டு கையாலும் வலைக்குள் குத்திவிடுகிறார். நடுவர் காட்டியது இரண்டாவது மஞ்சள் அட்டை, அதாவது மைதானத்தை விட்டு வெளியே.