சுண்ணாம்புப் பூச்சை உதிர்த்த சிமெண்ட் பட்டை

சிமெண்ட்டைக் குறைப்பதற்காக அழுத்திய மண்கட்டிகளால் எழுப்பி, சுண்ணாம்பு பூசிய என் வீட்டுச் சுவரின் உட்புறத்தில், இரண்டாம் ஆண்டில் முழங்கால் உயரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு மாவாக உதிரத் தொடங்கியது. குழாய்க் கசிவு என்று எண்ணி இரண்டு நாள் தண்ணீரை அடைத்துவைத்தேன், ஈரம் குறையவில்லை. நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தேன். அது பத்தே நாளில் கொப்புளித்துத் தோலாக உரிந்தது.

உப்புக் கோடு நூல் பிடித்தாற்போல நேராக இருந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. கசிவு என்றால் திட்டுத்திட்டாக அல்லவா பரவும்? அளந்து பார்த்தால், மழைச்சாரலுக்காகக் கொத்தனார் வெளிப்புறம் போட்டிருந்த சிமெண்ட் பட்டையின் மேல்விளிம்பும் அதே உயரம். அடிச்சுவரில் ஏறிய ஈரம், சிமெண்ட் வழியே எளிதில் வெளியேற முடியாமல் அந்த விளிம்புவரை உயர்ந்து, அங்கே ஆவியாகி உப்பை விட்டுச் சென்றிருக்கிறது. பட்டையைப் பெயர்த்தபோது, பின்னாலிருந்த மண்கட்டி விரல் அமுங்கும் அளவுக்கு ஊறியிருந்தது.

சுவரை ஆறு வாரம் திறந்தே காயவிட்டு, உப்பை உலர்ந்த தூரிகையால் மட்டும் துடைத்தெடுத்து (கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே இறங்கிவிடும்), வெளித்தரையை ஒரு சாண் தாழ்த்தி, மணலும் சுண்ணாம்பும் மட்டுமே கலந்து பூசினேன். இரண்டு மழைக்காலம் கடந்தும் கோடு திரும்பவில்லை.